நான் பெறாத மூத்த மகள்

எனக்கு ஒரே மகள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் அடுக்குமாடியில் யாரிடம் விசாரித்தாலும் இரண்டு என்றுதான் சொல்வார்கள். பெரியவள் எம்.எஸ்ஸி. இயற்பியல், வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறாள். சின்னவளுக்குப் படிப்பு ஏறவில்லை, லிஃப்ட் கம்பெனியில் ஏதோ வேலைக்குப் போகிறாள். இதில் சின்னவளைத்தான் நான் பெற்றேன். எம்.எஸ்ஸி. படித்தவளும் அவளேதான். பெரியவளைப் பெற்றது என் வீட்டுக்காரர். வலியும் இல்லை, மருத்துவமனையும் இல்லை. ஒரு சாயங்காலம் கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றபடியே பெற்றுவிட்டார்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் ஐந்தாம் மாடிக்காரியிடம் மகளின் எம்.எஸ்ஸி.யைப் பற்றி அளந்து வைத்திருந்தார். முதல் வகுப்பு, தங்கப் பதக்கம், பேராசிரியர்கள் புகழ்ந்தது. எல்லாம் உண்மைதான், அளப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அந்தம்மாவுக்கு ஞாபகசக்தி அதிகம், வீட்டு வேலை குறைவு. ஒரு நாள் எங்களை வழிமறித்தாள்.

"ஆமா, காலையில நீலச் சட்டை போட்டுகிட்டு, டூல்ஸ் பை தூக்கிட்டு உங்க வீட்டுலேர்ந்து ஒரு பொண்ணு போகுதே, அது யாரு?"

இவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு மூச்சு விட்டார். பிறகு, "பெரியவ வெளிநாட்டுல ஆராய்ச்சிக்குப் போயிட்டா. அது சின்னவ. படிப்பு ஏறல. விட்டுட்டோம்" என்றார்.

நான் பக்கத்தில்தான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "ரெண்டும் பொண்ணா?" என்று அந்தம்மா என்னைப் பார்த்துக் கேட்டபோது தலையை வேறு ஆட்டித் தொலைத்தேன். அன்றிலிருந்து அவளைக் கண்டாலே நான் படிக்கட்டுப் பக்கம் நழுவிவிடுவேன். பெறாத பிள்ளையின் நலம் விசாரிக்கும்போது என்ன பதில் சொல்வது? மென்று விழுங்கத்தான் முடியும்.

என் வீட்டுக்காரர் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: படித்தவர்கள், கைநாட்டுகள். வீட்டுப்பாடம் செய்யாத பையனைக் "கைநாட்டாப் போயிடுவே" என்று திட்டித் திட்டியே ஒரு ஊரை வளர்த்தவர். நான் எட்டாவதோடு நின்றவள். என் கையெழுத்தை எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் போடுவேன். அதனால் கல்யாணமானதிலிருந்து எனக்கும் அதுதான் செல்லப் பெயர். "ஏ கைநாட்டு, தண்ணி கொண்டா" என்பார். செல்லம் என்று அவர்தான் சொல்லிக்கொள்வார்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். படித்து முடித்து அவள் ஏறி இறங்காத வாசல் இல்லை. ஓரிடத்தில் அனுபவம் எங்கே என்று கேட்டார்கள், இன்னோர் இடத்தில் படிப்பு அதிகம் என்றார்கள். இவர் மட்டும் "இன்னொரு பட்டம் வாங்கு" என்று பாடிக்கொண்டிருந்தார். கடைசியில் அவளே ஒரு லிஃப்ட் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாள். வேலை பார்த்துக்கொண்டே தொழில் தகுதி வாங்கலாம். மூன்றாம் நிலைச் சான்றிதழ் கையில் வந்தால் அதே கம்பெனியில் நிரந்தர வேலை. ஒரே ஒரு விதி: ஏற்கெனவே பட்டம் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பயிற்சியில் இடம் கிடையாது. படிக்க வழியில்லாதவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் அது. அதனால் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திவிட்டேன் என்று சொல்லிச் சேர்ந்திருந்தாள். இதை என்னிடம் மட்டும் சொன்னாள், அதுவும் சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. இவளால் இடம் கிடைக்காமல் போன யாரோ ஒரு பிள்ளையைப் பற்றி நினைத்தேன். நினைத்துவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்தேன்.

இவரிடம் அதைச் சொல்லாமல் தீராது என்கிற நிலை சென்ற வாரம் வந்தது. எங்கள் கட்டடத்து லிஃப்டே பழுதாகி நின்றுவிட்டது. மகள் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு நம்ம லிஃப்ட்டைப் பாக்க நான்தான் வரேன். அதுதான் எனக்குக் கடைசி மதிப்பீடு. மதிப்பீட்டாளர் கூட வந்து நிப்பாரு. நீங்க யாரும் எம்.எஸ்ஸி.ன்னு ஒரு வார்த்தை வாயில விட்டுடக் கூடாது. தெரிஞ்சா இடமும் போயிடும், சான்றிதழும் போயிடும்."

இவர் கையில் எடுத்த கவளம் தட்டுக்கே திரும்பியது. "படிக்காததை மறைக்கறவனைப் பாத்திருக்கேன். படிச்சதை மறைக்கறதை இப்பதான் பாக்கறேன்."

"வேற வழி இல்லப்பா."

"அது என்ன பரீட்சை? கேள்வித்தாள் உண்டா, மார்க் உண்டா?"

"மார்க் கிடையாது. நான் வேலை செய்யறதை அவரு பாப்பாரு. முடிவுல தகுதி உண்டுன்னு சொல்லுவாரு, இல்லன்னா இன்னும் இல்லன்னு சொல்லுவாரு."

"பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. இன்னும் இல்லயாம்!" என்று சிரித்தார். சிரிப்பா அது, ஆணியால் தகரத்தைக் கீறுவதுபோல் இருந்தது.

மகள் தன் செல்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். பயிற்சிக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் படமாம். இரண்டு ஏணிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று கல்லூரி, இன்னொன்று வேலை. "இந்தப் பக்கம் பட்டம் எந்த உயரத்துல இருக்கோ, அந்தப் பக்கமும் அதே உயரத்துல ஒரு தகுதி இருக்குப்பா. ரெண்டும் சமம்னு போட்டிருக்கு பாருங்க."

"சமமா இருந்தா எதுக்கு எழுதி ஒட்டணும்?" என்றார் இவர். "நீ இந்த ஏணியில உச்சியில இருந்தவ. இறங்கிப் போய் அந்த ஏணியில அடியிலேர்ந்து ஏறுறே. அதையும் திருட்டுத்தனமா ஏறுறே."

அவள் செல்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். அவர் சொன்னதில் பாதி உண்மை. கை கழுவப் போனவர் அங்கிருந்தே, "நான் காலையிலயே வெளிய போயிடறேன். உங்க கூத்து முடிஞ்சப்புறம் வரேன்" என்றார். அப்போதாவது நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்: அம்மாடி, உனக்கு ஓர் அக்கா இருக்கிறாள், ஜாக்கிரதை என்று. எப்படிச் சொல்வது? உன் அப்பாவுக்கு உன்னை வெளியில் காட்ட வெட்கம் என்று மகள் முகத்தைப் பார்த்து எந்தத் தாய் சொல்வாள்?

மறுநாள் காலை அவர் போனதும் முன்னறைச் சுவரில் இருந்த பட்டமளிப்புப் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்தேன். தண்ணீர் குடிக்க அந்த மதிப்பீட்டாளர் மேலே வந்துவிட்டால் என்ன செய்வது? சொந்தப் பிள்ளையின் படத்தைத் திருட்டு நகை மாதிரி ஒளித்துவைத்தேன். பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல், கையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு, எதையோ வாங்கப் போகிறவள்போல் கீழே இறங்கிப் போய்ச் சுவரோரமாக நின்றேன்.

மதிப்பீட்டாளர் மெலிந்த மனிதர், கண்ணாடி போட்டவர், கையில் ஓர் அட்டை. வேலை முடியும்வரை அவர் வாயே திறக்கக் கூடாதாம், அவளும் எதுவும் கேட்கக் கூடாதாம். மனதுக்குள் அவருக்கு வாய்ப்பூட்டு என்று பெயர் வைத்தேன். மகள் லிஃப்ட் பக்கம் யாரும் வராதபடி ஒரு தடுப்பை நிறுத்திவைத்தாள். மின்சாரத்தை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி ஸ்விட்ச் பெட்டியில் தன் பூட்டையே போட்டு, சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுப் பித்தானையும் மாட்டினாள். மேலே போனாள், கீழே வந்தாள், மறுபடி போனாள். இரண்டாம் மாடிக் கதவில்தான் கோளாறு. கதவு மூடிவிட்டது என்று லிஃப்டுக்குச் சேதி சொல்லும் ஒரு சின்னத் தகடு தேய்ந்து போயிருந்ததாம். அதை மாற்றினாள். முழங்கை வரைக்கும் கரி. நான் அவளைக் கைக்குழந்தையாகக் குளிப்பாட்டியதெல்லாம் ஞாபகம் வந்தது, ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தக் கரியை யாராவது பார்க்கிறார்களா என்று நானும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மட்டுமா வெட்கப்பட்டார்?

யாரும் பார்க்காமல் இருப்பார்களா? ஐந்தாம் மாடிக்காரி இரண்டு பைகளோடு வந்து, "இன்னும் எவ்ளோ நேரம்?" என்று கேட்டபடி என் பக்கத்திலேயே நங்கூரம் பாய்ச்சினாள்.

லிஃப்ட் மேலும் கீழும் ஓடியது. ஒவ்வொரு மாடியிலும் நின்றது. வாய்ப்பூட்டு இப்போதுதான் வாயைத் திறந்தார். வேலை முடிந்தபின் கேள்வி கேட்பது அவர் வழக்கமாம்.

"லிஃப்ட் காலியா நிக்குது. பிரேக் விட்டுப் போச்சு. எந்தப் பக்கம் போகும்?"

"மேல போகும் சார்."

"கீழ விழும்னுதானே எல்லாரும் நெனைப்பாங்க? ஏன் மேல போகுது?"

"அந்தப் பக்கம் எதிர் எடை தொங்குது சார். காலி லிஃப்ட்டை விட அது கனம்." இதோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்குப் பிடித்த விஷயம், வாய் நிற்கவில்லை. பாதிப் பேர் ஏறினால் இரண்டும் சமமாகிவிடும் என்றாள், அப்புறம் விசை என்றாள், முடுக்கம் என்றாள், விரலால் காற்றில் ஏதோ சமன்பாடு எழுத ஆரம்பித்தாள். கல்லூரியில் கரும்பலகைக்கு முன்னால் நின்ற அதே கை. எழுதிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. அவளுக்கே உறைத்துவிட்டது.

வாய்ப்பூட்டு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இதெல்லாம் நம்ம பயிற்சியில கிடையாதே. எங்க படிச்சேம்மா?"

மகள் திருதிருவென்று விழித்தாள். என் கையிலிருந்த பை நழுவியது. அந்த நேரம் பார்த்து வாசல் பக்கம் நிழல் தட்டியது. கூத்து முடிந்திருக்கும் என்று நினைத்து இவர் வந்துகொண்டிருந்தார். சட்டைப் பையில் வழக்கம்போல் பேனா.

"அவ எங்க சார் படிச்சா!" என்றாள் ஐந்தாம் மாடிக்காரி, தன்னைக் கேட்டதுபோல. "இவ அக்காதான் எம்.எஸ்ஸி., அதுவும் இயற்பியல், வெளிநாட்டுல இருக்கா. இது சின்னது. இதுக்குப் படிப்பு ஏறலன்னு விட்டுட்டாங்களாம். தோ வராரே, இவங்க அப்பா, அவரே என்கிட்ட சொன்னாரு."

இவர் அங்கேயே நின்றுவிட்டார். மகள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் கெட்டிக்காரி, இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"அப்படியா? அக்காதான் சொல்லிக் குடுத்தாளா?" என்றார் வாய்ப்பூட்டு.

"ஆமா சார்" என்றாள் என் மகள். "எங்க அக்காதான். அவ நல்லாப் படிப்பா. வீட்டுல எல்லாருக்கும் அவளத்தான் பிடிக்கும்."

அந்த ஆள் அட்டையில் எதையோ எழுதி, "தகுதி உண்டு" என்று சொல்லிச் சிரித்தார். ஐந்தாம் மாடிக்காரி கைதட்டினாள். லிஃப்டை ஒப்படைத்ததற்குக் குடியிருப்பவர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவளே முந்திக்கொண்டு பெரிதாக ஒன்றைப் போட்டுவிட்டு, பைகளோடு லிஃப்டில் ஏறிப் போய்விட்டாள். நான் முன்னால் வந்தேன். வாய்ப்பூட்டு என்னை விட்டுவிட்டு இவரிடம் போனார்.

"அப்பாவே வைக்கட்டும், அவருக்கும் பெருமையா இருக்கும். ஐயா, உங்களப் பத்தி உங்க பொண்ணு சேரும்போதே சொல்லியிருக்கா. கூச்சப்படாதீங்க." பையிலிருந்து ஒரு ஸ்டாம்ப் பேடை எடுத்துத் திறந்தார். எழுதத் தெரியாத காவலாளிகள் இருக்கும் கட்டடங்களுக்கெல்லாம் போகிறவர், அதனால் கூடவே வைத்திருப்பார்போல. "கைநாட்டே போதும்."

மகள் முகத்தைக் கையால் மூடிக்கொள்ளப் போய், கரி என்று நினைவு வந்து, கையைப் பாதியில் தொங்கவிட்டாள். இது எனக்கும் தெரியாது. அப்பா கைநாட்டு என்று சொல்லி வைத்திருக்கிறாள்!

வாய்ப்பூட்டு சட்டைப் பையைப் பார்த்துவிட்டார். "பேனா வச்சிருக்கீங்களே?"

இவர் பேனாவைத் தொட்டுப் பார்த்தார். ஓய்வு பெற்ற நாளில் பள்ளிக்கூடம் கொடுத்த பேனா. இவர் வாயால் உண்மை வந்தால் அந்த நிமிஷமே அவள் சான்றிதழ் கிழியும். எனக்கு அவரைத் தெரியும், கோபம் வந்தால் முன்பின் பார்க்க மாட்டார்.

"யாராவது கேப்பாங்க" என்றார். "குடுக்கறதுக்கு வச்சிருக்கேன்."

இடது கட்டைவிரலை அவரே நீட்டினார். எத்தனையோ பெற்றோர்களின் விரலைப் பிடித்து, பேடில் உருட்டி, பள்ளிக்கூடத்துக் காகிதங்களில் பதித்தவர். அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் உருட்டி, அழுத்தி, எடுத்தார். ரேகை ஒன்றுகூடக் கலையாமல் விழுந்தது.

"படிக்காம இருந்தும் பெரிய பொண்ண அவ்வளவு படிக்க வச்சிருக்கீங்களே, பெரிய விஷயம்யா" என்றார் அந்த மனிதர், மனசார. இவர் கும்பிட்டார். கும்பிட்டு, லிஃப்டைத் தாண்டிப் படிக்கட்டில் ஏறினார். நான் பின்னால் போனேன்.

வீட்டுக்கு வந்ததும் விரலைத் தேய்த்தார், தேய்த்தார், அப்படித் தேய்த்தார். சோப்பு நீலமானதுதான் மிச்சம். தண்ணீர் வேண்டுமென்றால்கூட அவரே எடுத்துக் குடித்தார். என்னைக் கூப்பிட ஒரு பெயர் வேண்டுமே, அது அவர் தொண்டையில் சிக்கியிருக்கும்.

மகள் சாயங்காலம் வந்தாள். கை கால் கழுவி, அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். சுவரில் படம் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது.

"நான் எதுவரைக்கும் படிச்சேன்னு சொன்னே?" என்று அவர்தான் ஆரம்பித்தார்.

"ஒண்ணும் படிக்கலன்னு."

"ஏன்?"

"நீங்க தலைமை ஆசிரியர்னு சொன்னா நம்ப மாட்டாங்கப்பா. அப்படிப்பட்டவரு பொண்ணைப் படிக்க வைக்காம விட்டிருப்பாரான்னு கேப்பாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தப்புதான். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க ஏம்ப்பா எனக்குப் படிப்பு ஏறலன்னு சொன்னீங்க?"

அவர் ரொம்ப நேரம் அந்த நீல விரலையே பார்த்தார். மாணவர்களைப் பார்த்து எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பார், காரணம் சொல் காரணம் சொல் என்று.

"உன்னச் சீருடையில பாத்துட்டாங்க" என்றார்.

அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவள் பொய்க்காவது ஒரு தேவை இருந்தது. இவர் பொய்க்கு அதுகூட இல்லை. அது அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கும். மகள் எழுந்து போய் விளக்கைப் போட்டாள். நான் படத்தை எடுத்து மாட்டட்டுமா என்று கேட்டேன். இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள். மாட்டவும் முடியாது. இனி அந்தப் படத்தில் இருப்பவள் பெரியவள், அவளுக்கும் இவளுக்கும் ஒரே முகம். வெளியில் போய் எங்களுக்கு ஒரே பெண்தான் என்று சொல்லவும் முடியாது. சொன்னால் அது ஐந்தாம் மாடி வழியாக எங்கே போய்ச் சேருமோ. வெட்கத்துக்குப் பெற்ற பிள்ளை, இப்போது அவள் இருந்தால்தான் இவளுக்குச் சோறு.

மறுநாள் நானும் அவரும் வெளியே போய்விட்டுத் திரும்பி லிஃப்டில் ஏறினோம். கதவு மூடப்போகும் நேரத்தில் ஐந்தாம் மாடிக்காரி ஓடி வந்து உள்ளே நுழைந்தாள். இவர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"சூப்பரா ஓடுதே! அப்புறம், பெரியவ எப்படி இருக்கா? போன் பண்ணினாளா?"

நான் வழக்கம்போல் மென்று விழுங்கப் பார்த்தேன். இவர் தொண்டையைக் கனைத்தார்.

"எப்பவும் பெரியவளையே கேக்கறீங்க" என்றார். "சின்னவளப் பத்தியும் கேளுங்களேன்."

அந்தம்மா நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். அவளிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

"சின்னவளா? அவளப் பத்திக் கேக்க என்ன இருக்கு? நீங்கதானே விட்டுட்டோம்னு சொன்னீங்க?"

இவர் வாயைத் திறந்தார். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கும். ஒன்றையும் சொல்ல முடியாது. லிஃப்ட் எங்கள் மாடியில் நின்று, கதவு ஒழுங்காகத் திறந்து, எங்களுக்காகக் காத்திருந்தது. அவர் அசையாமல் நின்றார். நான்தான் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தேன்.